ஆறன்முளாக் கண்ணாடி: ஒரு குடும்பத் தொழிலின் வரலாறும் அது கற்பிக்கும் பாடமும்

முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாத வீடு இன்று நம் கிராமங்களில் இல்லை எனலாம். சந்தையில் சொற்ப விலைக்கு வாங்கி, சுவரில் ஆணியடித்து மாட்டி, கை தவறி உடைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளும் எளிய பொருளாக அது ஆகிவிட்டது. ஆனால், கேரள மாநிலத்தில் பம்பை ஆற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூரில், கண்ணாடிச் சில்லு ஒன்றுகூடச் சேராமல், செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்து, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சில குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றனர். அவ்வூர் ஆறன்முளா. அங்குச் செய்யப்படும் கண்ணாடி ஊர்ப் பெயராலேயே ஆறன்முளாக் கண்ணாடி என்று வழங்கப்பெறுகிறது.

உலோகக் கண்ணாடியைப் பற்றிப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்து ஆவதென்ன என்று சிலர் வினவக்கூடும். அக்கண்ணாடிக்கு அச்சாக அமையும் மண் நெல் வயலிலிருந்து வருகிறது. அதற்கு மெருகேற்ற உதவும் உமிச்சாம்பல் களத்திலிருந்து வருகிறது. அதைச் செய்யும் கைகள் ஒரு சில குடும்பங்களுக்குள்ளேயே வளர்கின்றன. வயலும் களமும் குடும்பமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் தொழில் ஒன்று எவ்வாறு நிலைத்தது, எவற்றால் அலைக்கழிந்தது, எதனால் மீண்டது என்பது, கைத்தொழில் உள்ள ஒவ்வொரு கிராமத்துக்கும் பயன்படத்தக்க செய்தியாகும். ஆதலின் இக்கட்டுரையில் அதனை வரிசையாகக் காண்போம்.

ஊரும் குடும்பங்களும்

ஆறன்முளா, பத்தனம்திட்டை மாவட்டத்தில், செங்கன்னூர் இரயில் நிலையத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தமிழ் மக்களுக்கு இவ்வூர் புதியதன்று. நம்மாழ்வாரால் பாடப்பெற்ற திருவாறன்விளை என்னும் திருப்பதி இதுவே. வைணவர் போற்றும் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. இங்குள்ள பார்த்தசாரதி கோயிலும், ஓணத்தையொட்டிப் பம்பையில் நடைபெறும் பள்ளியோடங்களின் படகுப் போட்டியும் நாடறிந்தவை.

கண்ணாடித் தொழில் இவ்வூருக்கு வந்த விதத்தைக் குறித்துச் செவிவழி வரலாறு ஒன்று வழங்குகிறது. கோயில் திருப்பணிக்காகத் திருநெல்வேலிச் சீமையின் சங்கரன்கோயிற் பகுதியிலிருந்து எட்டுக் கம்மாளக் குடும்பங்களை அரசர் ஒருவர் அழைத்து வந்து, நிலமும் மனையும் அளித்துக் குடியமர்த்தினாராம். நாளடைவில் அவர்கள் பணியில் சுணக்கம் காட்டவே, அரசர் சினங்கொண்டு சலுகைகளைத் திரும்பப் பெற எண்ணினாராம். அவரைச் சமாதானப்படுத்த, புதியதொரு வெண்கலக் கலவையால் மகுடம் ஒன்று வார்த்து அவர்கள் அளித்தனராம். அம்மகுடம் முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்புற்றிருந்ததாம். அதிலிருந்தே கண்ணாடி பிறந்ததாம். இக்கதை வீட்டுக்கு வீடு சிறிது மாறுபட்டு வழங்குவதால் இதனைக் கதையாகவே கொள்ளுதல் வேண்டும்.

ஆயினும், வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்துக்கும் தென்னாட்டுக்கும் உள்ள உறவு மிகப் பழையது என்பதில் ஐயமில்லை. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரிலும், நீலகிரி மலையிலும் பண்டைய ஈமக் குழிகளில் கிடைத்த வெண்கலப் பாத்திரங்களுள் சிலவற்றை ஆராய்ந்தபோது, அவற்றில் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக இருப்பது தெரியவந்தது. இத்தகைய வெண்கலத்தைக் கையாளுதல் எளிதன்று. கவனம் பிசகினால் பாத்திரம் வெடித்துவிடும். அதனைப் பழுதறக் கையாண்ட கம்மியர் இப்பகுதிகளில் நெடுங்காலத்துக்கு முன்பே இருந்தனர் என்பது இதனால் விளங்குகிறது.

கேரளத்தில் இக்கண்ணாடி வெறும் அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. அஷ்டமங்கல்யம் எனப்படும் எட்டு மங்கலப் பொருள்களுள் கண்ணாடியும் ஒன்று. சித்திரை விஷுவன்று விடியற்காலையில் கனி காணும்போது, கொன்றைப் பூ, நெல், வெள்ளரிக்காய் ஆகியவற்றோடு கைப்பிடியுள்ள வால்கண்ணாடியையும் வைப்பது வழக்கம். ஒரு தொழிலுக்குச் சடங்கில் இடமிருந்தால், சந்தை மாறினாலும் அதற்கு ஒரு கால் ஊன்ற இடம் இருக்கும் என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

உலோகம் கண்ணாடியாகும் விதம்

நம் கோயில்களிலுள்ள சிலைகளை வார்க்கும் உலோகத்தில் வெள்ளீயம் மிகச் சிறு பங்கே சேரும். ஓசை நயம் வேண்டிய மணிக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சேரும். ஆறன்முளாக் கண்ணாடியிலோ, நூறு பங்கு கலவையில் வெள்ளீயம் ஏறத்தாழ 33 பங்கு, எஞ்சியது செம்பு. இந்த அளவில் அவ்விரு உலோகங்களும் இணைந்து, தனித்தன்மையுள்ள ஓர் அமைப்பாக இறுகுகின்றன. உலோக நூலார் அதனை டெல்டா நிலை என்பர். செம்பின் செந்நிறம் அதில் இல்லை. வெள்ளி போன்ற வெண்மையே உண்டு. அது மிகவும் கடினமானது. ஆதலால் கீறலின்றி உயர்ந்த மெருகை ஏற்கும். அதே காரணத்தால் வளையாது; தரையில் விழுந்தால் கண்ணாடியைப் போலவே நொறுங்கும்.

விகிதம் சிறிது பிசகினாலும் வேறு அமைப்புகள் இடையிடையே கலந்து, மெருகு சீராக ஏறாது போய்விடும். எனவே கலவையின் அளவே இத்தொழிலின் உயிர்நாடி எனக் கருதி, குடும்பத்தார் அதனை வெளியார் அறியாவண்ணம் காத்து வந்தனர்.

மேனாட்டார்க்கும் இவ்வகை உலோகம் தெரிந்திருந்தது. நியூட்டன் 1668ஆம் ஆண்டில் அமைத்த தொலைநோக்கியில் முகங்காட்டும் வெண்கலமே ஆடியாக அமைந்தது. அயர்லாந்தில் ராஸ் பிரபு 1845ஆம் ஆண்டில் நிறுவிய பெருந்தொலைநோக்கியின் ஆடி 72 அங்குலக் குறுக்களவுடையது. அதுவும் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்ததே. பின்னர்க் கண்ணாடியின்மீது வெள்ளி பூசும் முறை பரவியதும் அங்கு அவ்வுலோக ஆடி வழக்கொழிந்தது. ஆறன்முளாவில் அது வழக்கொழியவில்லை. அதுவே இவ்வூரின் சிறப்பு.

சாதாரணக் கண்ணாடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வீட்டுக் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு பின்புறம் இருக்கிறது. ஒரு பென்சில் முனையை அதன்மேல் வைத்தால், முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே கண்ணாடியின் தடிப்பளவு இடைவெளி தெரியும். ஆறன்முளாக் கண்ணாடியில் மேற்பரப்பே ஒளியைத் திருப்புவதால் முனையும் பிம்பமும் ஒட்டியே நிற்கும். வாங்குவோர் அசலையும் போலியையும் பிரித்தறிய முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுவே.

வயல் மண்ணும் வார்ப்பு வேலையும்

செய்முறையைச் சற்று விரிவாகக் காண்போம்; உழைப்பு எங்கே செலவாகிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

முதற்பணி மண்ணைப் பதப்படுத்துவது. ஊரைச் சூழ்ந்த வயல்களிலிருந்து களிமண்ணை எடுத்து, கல்லும் வேரும் நீக்கி, ஓட்டுத்தூள், சணல் நார் போன்றவற்றைச் சேர்த்து நன்றாக அரைத்துப் பிசைகின்றனர். ஓட்டுத்தூள் சேர்வதால் சூட்டில் மண் வெடிப்பதில்லை. நார் சேர்வதால் பிடிப்பு உண்டாகிறது. இம்மண்ணால் தட்டையான இரு வட்டத் தகடுகளைச் செய்து உலர்த்தி, அவற்றின் முகங்களை வழவழப்பாக்கி, நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு ஒன்றாகப் பிணைத்து, வெளியே மீண்டும் மண் பூசுகின்றனர். அந்த இடைவெளியே கண்ணாடி உருவாகும் இடம். மேற்புறத்தில் புனல் வடிவாக ஒரு வாய் அமைத்து, உலோகத் துண்டுகளை அதனுள் இட்டு, மண்ணால் மூடிவிடுகின்றனர். உலோகம் உருகும் மூசையும், அது வார்ந்து இறுகும் அச்சும் இங்கே ஒரே உடலாகிவிடுகின்றன. இது நம் வார்ப்புப் பட்டறைகளில் பெரும்பாலும் காணாத முறை.

அடுத்தது உலை வேலை. உலோகம் இட்ட பகுதி கீழே இருக்குமாறு அச்சை உலையில் வைத்துக் காய்ச்சுகின்றனர். உள்ளே உலோகம் உருகியதை வெளியிலிருந்து கண்ணால் காண முடியாது. நெருப்பின் நிறத்தையும் கழிந்த நேரத்தையும் கொண்டே தலைமைக் கம்மியர் அதனை உணர்ந்துகொள்கிறார். தக்க தருணத்தில் கொறடால் பற்றி எடுத்து அச்சைத் தலைகீழாகத் திருப்ப, உருகிய உலோகம் இடைவெளிக்குள் இறங்குகிறது. பிறகு அதனை மெல்ல ஆறவிடுகின்றனர். அவசரப்பட்டால் தகடு வெடிக்கும். ஆறியபின் அச்சை உடைத்தே தகட்டை எடுக்க வேண்டும். ஆகவே ஓர் அச்சு ஒரு கண்ணாடிக்குத்தான். உடைத்துப் பார்த்தபின், உள்ளே இருப்பது கண்ணாடியா கழிவா என்பது தெரியும். பழுதான தகட்டை மீண்டும் உருக்கலாம். போன நாட்களை மீட்க இயலாது.

மூன்றாவது மெருகு வேலை. நன்றாக அமைந்த தகட்டைக் குங்கிலியம் சேர்ந்த மெழுகால் மரக்கட்டையில் ஒட்டி, முதலில் சொரசொரப்புப் போகத் தேய்க்கின்றனர். பின்னர் எண்ணெயும் நுண்பொடியும் தடவிய சணல் துணியின்மேல் பலநாள் தேய்க்கின்றனர். மலையாளத்தில் மரோட்டி எனப்படும் நீரடிமுத்து எண்ணெயும், உமிச்சாம்பலும், சுட்ட மண் பொடியும் இதற்கு மரபாகப் பயன்பட்டவை. இறுதியில் மென்துணியால் துடைக்க, முகம் தெளிவாகத் தெரிகிறது. அழுத்தம் ஒரு பக்கம் கூடினால் பரப்பு மேடுபள்ளமாகி முகம் கோணலாகக் காணும். எனவே இதில் வலிமையினும் சமமான கையே முதன்மை. முடிந்த தகட்டைப் பித்தளைச் சட்டத்தில் பதித்த பின்னரே அது விற்பனைக்கு வருகிறது.

இரகசியத்தின் இரு பக்கங்கள்

கலவை அளவைத் தந்தை மகனுக்கு மட்டும் உரைப்பது இத்தொழிலின் நெடுங்கால வழக்கம். இவ்வழக்கம் பயனற்றதென்று நாம் தள்ளிவிட இயலாது. சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லாத காலத்தில், ஏழைக் கம்மியனுக்கு இருந்த ஒரே வேலி இரகசியமே. அவ்வேலி இருந்தமையால் பெருமுதலாளிகள் இத்தொழிலை விழுங்கவில்லை, தரமும் குன்றவில்லை.

ஆனால் இரகசியம் கள்ளனுக்கு மட்டும் கதவடைப்பதன்று. மகன் இல்லாத வீட்டிலும், மகன் வேறு வேலைக்குச் சென்ற வீட்டிலும், அது தொழிலுக்கே கதவடைத்துவிடுகிறது. ஒரே ஒரு மனிதரின் நினைவில் தங்கியுள்ள கலை, அவர் மூச்சோடு முடிந்துவிடுகிறது.

இனி, மற்றோர் உண்மையையும் நோக்க வேண்டும். 1990க்குப் பின், உலோகவியல் அறிஞர் சாரதா ஸ்ரீநிவாசனும் தொல்லியல் அறிஞர் இயன் குளோவரும் இக்கண்ணாடியை ஆராய்ந்து, கலவையின் விகிதத்தை ஆய்வேடுகளில் வெளியிட்டனர். இன்று அவ்விகிதம் படித்தவர் எவருக்கும் எட்டும் செய்தி. மேலே நாமும் அதனை எழுதியிருக்கிறோம். ஆயினும் அதைப் படித்து எத்தனைபேர் கண்ணாடி வார்க்க முடியும்? மண்ணின் பதம், நெருப்பின் பருவம், தேய்க்கும் கையின் சமநிலை ஆகியவை எழுத்தில் அடங்குவன அல்ல. பட்டறையில் அருகே அமர்ந்து ஆண்டுக்கணக்கில் பழகியே அவற்றைப் பெற வேண்டும். ஆகவே தொழிலின் உண்மையான சொத்து விகிதத்தில் இல்லை. பழகிய கையில் இருக்கிறது. அக்கை மற்றொரு கைக்கு மாறாதொழிந்தால், விகிதம் தெரிந்தும் பயனில்லை.

இதனை நாம் ஏட்டறிவு கொண்டு மட்டும் கூறவில்லை. நாம் முன்பு பணியாற்றிய வட்டாரம் ஒன்றில் நிகழ்ந்ததை மறையாது கூறுதல் முறை. அங்கே ஒரு கிராமத்தில் வெண்கல உருளி வார்க்கும் குடும்பம் ஒன்று இருந்தது. அச்சுற்று வட்டாரத்தில் எஞ்சியிருந்த பட்டறை அது ஒன்றே. முதியவர் ஒருவர் தொழிலை நடத்தி வந்தார்; மகன்கள் இருவரும் நகரத்தில் லாரி ஓட்டச் சென்றுவிட்டனர். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இருவருக்குத் தொழில் கற்றுத்தர அவர் மனம் இசைந்தார். தம் குலத்தில் அதுவரை எவரும் செய்யாத காரியம் அது. பயிற்சிக் கொட்டகை ஒன்று வேண்டுமெனப் பஞ்சாயத்து தீர்மானம் நிறைவேற்றி நம் அலுவலகத்துக்கு அனுப்பியது.

நாம் நிலத்தின் உரிமைச் சான்று கேட்டுக் கோப்பைத் திருப்பினோம். சான்று வந்தது, மதிப்பீட்டில் திருத்தம் கேட்டுத் திருப்பினோம். இடையில் ஒருநாள் முதியவர் அலுவலகத்துக்கே வந்து, “ஐயா, கொட்டகை பிறகு ஆகட்டும். பிள்ளைகளை இப்போதே அனுப்பி வையுங்கள்” என்றார். கொட்டகையின்றிப் பயிற்சி உதவித்தொகை வழங்க விதி இல்லை என்று நாம் மறுமொழி கூறினோம். விதி அவ்வாறுதான் இருந்தது. ஆனால் உதவித்தொகை இல்லாமலே தொடங்குவதற்குப் பஞ்சாயத்தையும் பெற்றோரையும் அழைத்துப் பேசியிருக்கலாம். அதனைத் தடுக்கும் விதி எதுவும் இருந்ததில்லை. நாம் பேசவில்லை. அனுமதி ஆணை கையெழுத்தாகிய மாதத்தில் முதியவர் காலமானார். கொட்டகை மட்டும் குறித்த அளவில், குறித்த செலவில் எழுந்தது. நாம் மாற்றலாகி வருமுன் கடைசியாகக் கண்டபோது அதில் உர மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. கணக்கில் அது முடிவுற்ற பணி. அதனால்தான் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

மலிவுப் பொருளும் பெயர்ப் பாதுகாப்பும்

குடும்ப இரகசியம் நெடுநாள் நில்லாது என்பதற்குக் கண்ணாடித் தொழிலின் உலக வரலாறே சான்று. வெனிஸ் நகரத்தை அடுத்த முரானோத் தீவின் தொழிலாளர், வெள்ளீயமும் பாதரசமும் கொண்டு கண்ணாடித் தகட்டின் பின்புறத்தைப் பூசும் கலையில் தேர்ந்திருந்தனர். அக்கலை வெளியேறாதபடி அந்நாட்டு ஆட்சி கடுமையாகக் காத்தது. எனினும் பிரான்சு நாட்டு அமைச்சர் கோல்பேர், 1665ஆம் ஆண்டில் அரசுக் கண்ணாடித் தொழிற்சாலை நிறுவப்பெற்றபோது, முரானோத் தொழிலாளர் சிலரை ஆசை காட்டித் தம் நாட்டுக்கு வரவழைத்தார். வேலி உடைந்தது. 1835ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் கண்ணாடியின்மேல் வெள்ளியைப் படிய வைக்கும் முறையைக் கண்டார். அதன்பின் கண்ணாடி ஆலைப் பொருளாகி, விலை சரிந்து, உலகெங்கும் பரவியது.

அவ்வெள்ளத்தின் முன் உலோகக் கண்ணாடி விலையால் போட்டியிட முடியாது. பலநாள் உழைத்துச் செய்யும் உள்ளங்கையளவுக் கண்ணாடி ஒன்றும், ஆலையில் நொடிக்கணக்கில் வெளிவரும் கண்ணாடி ஒன்றும் ஒரே தட்டில் நிறுக்கத்தக்கவை அல்ல. ஆகவே ஆறன்முளாவின் கம்மியர்க்கு எஞ்சிய வழி ஒன்றே: தம் பொருள் வேறு, தம் ஊரின் பெயர் தமக்கே உரியது என்று நிலைநாட்டுதல்.

அதற்குச் சட்டம் துணை நின்றது. பொருள்களின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதற்குரிய பதிவகம் சென்னையிலேயே அமைந்துள்ளது. டார்ஜிலிங் தேயிலையை அடுத்து, 2004-05ஆம் ஆண்டில் ஆறன்முளாக் கண்ணாடி பதிவு பெற்றது. கேரளத்திலிருந்து இப்பதிவு பெற்ற முதற்பொருள் இதுவே. கம்மியர் ஒரு சங்கமாகக் கூடி விண்ணப்பித்தமையால் இது கைகூடியது. தனித்தனியே இரகசியம் காத்த குடும்பங்கள், பெயரைக் காக்க ஒன்று சேர வேண்டியதாயிற்று.

இச்சட்டத்தின் முக்கியக் கூறுகளைப் பஞ்சாயத்தார் அறிந்திருத்தல் நலம். புவிசார் குறியீடு தனி ஒருவரின் சொத்தன்று. ஊரின் உற்பத்தியாளர் அனைவர்க்கும் பொதுவானது. அதனை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. பதிவு பத்தாண்டுக் காலம் செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். குறியீட்டைப் பயன்படுத்த விரும்பும் உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் அங்கீகாரம் பெற்ற பயனாளராகத் தம் பெயரைத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துவோர்க்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், அபராதமும் உண்டு. ஆனால் சட்டம் தானாக நடந்து சென்று கடைதோறும் சோதிப்பதில்லை. புகார் கொடுக்கவும், வாங்குவோர்க்கு அறிவுறுத்தவும் ஊரில் சங்கம் விழிப்பாக இருந்தால்தான் சட்டத்துக்கு உயிர் உண்டு.

நம் மாநிலத்திலும் சுவாமிமலைச் சிலைகள், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, பத்தமடைப் பாய் முதலிய பல பொருள்கள் இப்பாதுகாப்பைப் பெற்றுள்ளன. சுவாமிமலையில் வார்ப்பு அச்சுக்குக் காவிரியின் வண்டல் மண் பயன்படுவதையும், பத்தமடைப் பாய்க்குத் தாமிரபரணிப் பகுதிக் கோரை பயன்படுவதையும் எண்ணிப் பார்த்தால், மண்ணுக்கும் கைத்தொழிலுக்கும் உள்ள உறவு ஆறன்முளாவுக்கு மட்டும் உரியதன்று என்பது புலனாகும்.

வயலுக்கு வந்த இடரும் ஆற்றுக்கு வந்த வெள்ளமும்

ஆறன்முளாவில் தனியார் விமான நிலையம் ஒன்று அமைக்க முயற்சி நடைபெற்றது. நெல் வயல்களும் நீர்நிலைகளும் அழியுமென ஊர் மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றனர். அத்திட்டத்துக்கு அளிக்கப்பட்டிருந்த சுற்றுச்சூழல் அனுமதியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் இரத்துச் செய்தது. வயலை மூடினால் நெல் மட்டுமே போகும் என்று நாம் கணக்கிடுவது வழக்கம். நீர் தங்கும் இடமும் போகிறது. வயல் மண்ணை நம்பிய தொழிலின் மூலப்பொருளும் போகிறது. கேரளத்தில் 2008ஆம் ஆண்டிலேயே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருந்தும், ஊரார் விழித்திருந்தமையால்தான் வயல் பிழைத்தது என்பதையும் கருதவேண்டும்.

பின்னர் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளம் கண்ட பெருவெள்ளத்தில் பம்பை கரைபுரண்டு ஆறன்முளாவைச் சூழ்ந்தது. பட்டறைகளுள் நீர் புகுந்தது. உலைகளும் கருவிகளும் சேதமுற்றன. வாரக்கணக்கில் பக்குவப்படுத்தி உலர வைத்திருந்த மண் அச்சுகள் மீண்டும் சேறாயின. ஓணத்தை எதிர்நோக்கி விற்பனைக்கு ஆயத்தமாக இருந்த காலம் அது. பயிர் மூழ்கினால் கணக்கெடுத்து நிவாரணம் வழங்கும் முறையை விவசாயிகள் அறிவர். உலராத மண் அச்சுக்கும் பாதி மெருகேறிய தகட்டுக்கும் இழப்பீடு மதிப்பிட எந்தப் பட்டியலில் இடமிருக்கிறது? ஆயினும் கம்மியர் சேற்றை அகற்றி, புதிய மண் பிசைந்து, மீண்டும் உலை மூட்டினர். பொருள்கள் போயினும் கை எஞ்சியிருந்தது. அதனால் தொழில் எஞ்சியது.

நமக்குரிய பாடங்கள்

இவ்வரலாற்றிலிருந்து நம் பஞ்சாயத்துகள் மேற்கொள்ளத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, கணக்கெடுப்பு. அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம் 1993ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது சேர்க்கப்பெற்ற பதினோராம் அட்டவணையில், பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களுள் சிறுதொழிலும், கதர், கிராமத் தொழில், குடிசைத் தொழில் ஆகியனவும் இடம்பெற்றுள்ளன. ஆதலால் நம் ஊரில் எந்தக் கைத்தொழில் யார் கையில் உள்ளது, அவர் வயது என்ன, கற்பவர் எவரேனும் உண்டா என்று எழுதி வைப்பது பஞ்சாயத்தின் கடமைக்கு உட்பட்டதே. அறுபது வயதைக் கடந்த கம்மியரிடம் கற்பவர் ஒருவருமில்லை என்று தெரிந்தால், அதனைக் குடிநீர்க் குழாய் உடைந்ததற்கு ஒப்பான அவசரமாகக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி. கட்டடத்துக்காகக் காத்திராமல், கம்மியரின் பட்டறையிலேயே பயிற்சியைத் தொடங்குக. கற்றுத்தருபவர் தம் நேரத்தை இழக்கிறார். அதற்கு ஈடு அளிப்பது நியாயம். வேறு குடும்பத்துப் பிள்ளைக்குக் கற்றுத்தரத் தயங்குவோரிடம் பொறுமையாகப் பேசுக. அவர்தம் அச்சம் அனுபவத்தில் பிறந்தது. கற்பவர் எத்தனை ஆண்டு அவர் பட்டறையிலேயே வேலை செய்வார், தனித்தொழில் தொடங்கினால் எம்முறையில் தொடங்குவார் என்பவற்றைப் பெரியோர் முன்னிலையில் எழுதிக்கொள்வது இருசாரார்க்கும் நலம். பெண் பிள்ளைகளுக்கும் கற்பித்தால், கற்கும் கைகள் இருமடங்காகும்.

மூன்றாவது, சங்கம். மூலப்பொருள் வாங்குவதிலும், பெயரைக் காப்பதிலும், இடைத்தரகரிடம் விலை பேசுவதிலும் தனிக்குடும்பத்துக்கு வலிமை குறைவு. தொழில் நுணுக்கத்தை அவரவர் வீட்டில் வைத்துக்கொண்டு, சந்தைக் காரியங்களில் மட்டும் ஒன்று சேரலாம். ஆறன்முளா காட்டிய வழி இதுவே.

நான்காவது, மண்ணும் நீரும். ஊரிலுள்ள தொழில்களுக்கு வேண்டிய களிமண், வண்டல், கோரை, பனையோலை முதலியன எந்த இடத்திலிருந்து வருகின்றன என்பதை அறிந்து, அவ்விடங்களை ஆக்கிரமிப்பிலிருந்து காத்தல் வேண்டும். குயவரும் கம்மியரும் அளவாக மண் எடுக்க இடம் ஒதுக்குவதும், அதனைக் காரணம் காட்டி வணிகர் லாரி கணக்கில் அள்ளாமல் தடுப்பதும் ஒருங்கே செய்யத்தக்கவை.

ஐந்தாவது, இடர்க்காலம். வெள்ளமும் புயலும் வந்தபின் சேதத்தைக் கணக்கிடும்போது, பயிரோடும் கால்நடையோடும் பட்டறைகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு பட்டறையிலும் உள்ள கருவிகளின் பட்டியலை முன்கூட்டியே எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்திருந்தால், இழப்பை நிறுவுவது எளிதாகும்.

கிராம சபையில் விவாதிப்பதற்குச் சில வினாக்கள்

1. நம் ஊரில் சென்ற முப்பதாண்டுகளில் மறைந்த கைத்தொழில்கள் எவை? அவை மறைந்த காரணம் சந்தையா, கற்பவர் இன்மையா?

2. இன்று எஞ்சியுள்ள தொழில்களுள் ஒரே ஒருவர் கையில் இருப்பது எது?

3. அவரிடம் கற்க விருப்பமுள்ள இளைஞர் யார்? அவர்தம் பெற்றோரின் தயக்கம் என்ன?

4. அத்தொழிலுக்குரிய மூலப்பொருள் ஊர் எல்லைக்குள் கிடைக்கிறதா? கிடைக்கும் இடம் பாதுகாப்பாக உள்ளதா?

5. பணம் வரும்முன்பே நாம் தொடங்கக்கூடியது எது?

இவ்வைந்து வினாக்களுள் கடைசி வினாவை முதலில் எடுத்துக்கொள்ளுமாறு பஞ்சாயத்துத் தலைவர்களை வேண்டிக்கொள்கிறோம். மே 1ஆம் நாளிலோ, ஆகஸ்டு 15ஆம் நாளிலோ, அடுத்து எந்நாளில் கிராம சபை கூடினாலும், ஊரிலுள்ள மூத்த கம்மியர் ஒருவரை அழைத்து முன்வரிசையில் அமர்த்துங்கள். அவருக்கு என்ன வேண்டுமென்று கேளுங்கள். அவர் கொட்டகை கேட்டால் விண்ணப்பம் எழுதுங்கள்; பிள்ளைகளைக் கேட்டால், மறுநாள் காலையிலேயே அனுப்பி வையுங்கள்.